தாய்வீட்டு உறுதியும் வழக்கேடும்

ஒரு குடும்பம், தான் இன்ன குடும்பமே என்று பிறர்முன் மெய்ப்பிக்கவேண்டிய வேளை என்றேனும் ஒருநாள் வந்தே தீரும். வயல் வரம்பிலே எழும் பிணக்கு அதற்குக் காரணமாகலாம். கோயிற் பங்குரிமை காரணமாகலாம். கணவனை இழந்தாள் ஒருத்தியின் ஓய்வூதியம் காரணமாகலாம். அவ்வேளையில் ஊரார் சொல் மட்டும் போதுவதில்லை. எழுத்து வேண்டும். அவ்வெழுத்து எங்கே உறங்குகின்றது, யாருடைய காவலில் உள்ளது, அதனைப் பெறும் வழி யாது என்னும் வினாக்கள் வெறும் அலுவலக வினாக்களாகத் தோன்றலாம். மட்டக்களப்பு வாவிக்கரையிலோ அவை வரலாற்று வினாக்களுமாகும்.

2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கீழைக் கரையை வாரிச் சென்றது. அன்று இடிபாடுகளினிடையே உயிரோடு கண்டெடுக்கப்பட்ட இரண்டு மாத ஆண் குழந்தையொன்று கல்முனை வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டது. அன்று அங்கே சேர்க்கப்பட்டோருள் எண்பத்தோராவது என்ற கணக்கினால், உலகச் செய்தித்தாள்கள் யாவும் அதனை 81ஆம் இலக்கக் குழந்தை என்றே எழுதின. பல தாய்மார் அக்குழந்தையைத் தமதென்று கூறினர் என்ற செய்தி எங்கும் பரவியது. எனினும் நீதிமன்றத்தை நாடி முறைப்படி உரிமை கோரியவர் ஒரே தம்பதியர்தாம். அவர்களிடம் காட்டுதற்குரிய பத்திரமில்லை. வீட்டோடு அனைத்தும் அலைவாய்ப்பட்டன. கல்முனை நீதிமன்றத்தின் கட்டளைப்படி மரபணுச் சோதனை நடத்தப்பட்டு, 2005ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் நாள் முடிவு வெளியாயிற்று. குழந்தை அவர்களுடையதே என்பது துணியப்பட்டு, இரண்டு நாள் கழித்து அவர்கள் கையிற் சேர்ந்தது.

எழுத்து இல்லாத இடத்தில் குருதியைச் சான்றாக அழைக்கவேண்டியதாயிற்று. ஆயின் எல்லா வழக்குக்கும் குருதி சான்றாகாது. நூறாண்டுக்கு முன் மறைந்த பாட்டியின் பெயரையோ, அவள் சீதனமாகப் பெற்ற வளவின் எல்லையையோ எந்தச் சோதனைக்கூடமும் உரைக்கமாட்டாது. அவற்றை உரைக்க வல்லவை உறுதிகளும், பதிவேடுகளும், நீதிமன்றத்து வழக்கேடுகளுமே. அவ்வேடுகளைத் தேடுவோர் முதலில் அறியவேண்டிய உண்மை ஒன்றுண்டு. வாவிக்கரையிலே குடும்பத்தின் தடம் தந்தையின் பெயர்வழியே மட்டும் செல்வதன்று. தாயின் வீட்டுவழியே செல்வது. இதனை அறியாது தேடுவோர் பாதி வழியில் நின்றுவிடுவர்.

ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலுக்கு இணையாகக் கிடப்பது மட்டக்களப்பு வாவி. அதன் கிழக்கே கடலோரமாக நீண்டு கிடப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. எழுவான்கரையிலே குடியிருந்து படுவான்கரையிலே வேளாண்மை செய்வது பல குடும்பங்களின் வழக்கம். ஆகவே, ஒரே குடும்பத்தின் வீட்டு உறுதி ஒரு பற்றிலும் வயலுறுதி வேறொரு பற்றிலும் இருத்தல் இயல்பு. மண்முனைப்பற்று, எருவிற்பற்று, போரதீவுப்பற்று, ஏறாவூர்ப்பற்று என்னும் பழைய பிரிவுப் பெயர்களை அறியாதவர்க்கு அவ்வுறுதிகள் விளங்கா. வயலின் பரப்பும் பழைய எழுத்துகளில் விதைப்பின் அளவாகவே குறிக்கப்பட்டிருக்கும். அவணம், மரைக்கால் என்பன அவ்வளவைகள்.

இந்நாட்டின் சமுதாய அமைப்பிற்கு அடிப்படையாய் விளங்குவது குடிமுறை. காலிங்கா குடி, உலகிப்போடி குடி, படையாண்ட குடி என்றவாறு பெயர்பெற்ற குடிகள் பல. பிள்ளை தாயின் குடியைச் சேரும். தந்தையின் குடியைச் சேராது. ஒரே குடியினர் உடன்பிறந்தார் முறையினர் ஆதலால் தம்முள் மணம் செய்வதில்லை. கோயில்களிலே வண்ணக்கர் பதவியும் திருவிழாப் பங்கும் குடிவழியே வகுக்கப்பட்டன. வாவிக்கரை முஸ்லிம்களிடையும் இக்குடிமுறை வேரூன்றியது. பள்ளிவாசல்களிலே குடிக்கொரு மரைக்கார் என்ற ஏற்பாடு அதன் வழிவந்ததே. மணம் முடிந்ததும் கணவன் மனைவியின் வீடு செல்வதும், பெற்றோர் மகளுக்கு வீடு கொடுப்பதும் இருசாராரிடையும் நிலைபெற்ற வழக்கங்கள்.

இம்முறையோடு ஒட்டி வளர்ந்ததே முக்குவச் சட்டம் எனப் பெயர்பெற்ற சொத்துரிமை வழக்கு. முன்னோர் வழிவந்த முதுசம் ஒருவகை. ஒருவன் தன் முயற்சியால் ஈட்டிய தேட்டம் மற்றொரு வகை. முதுசம் பெண்வழியே இறங்கிற்று. ஓர் ஆண் இறப்பின் அவன் முதுசத்துக்கு உரியோர் அவன் பெற்ற மக்கள் அல்லர்; உடன்பிறந்தாளின் மக்களாகிய மருமக்களே. தேட்டத்தைத் தன் மக்களுக்குக் கொடுக்க அவனுக்கு இடமிருந்தது. மலையாள நாட்டு மருமக்கத்தாயமும் நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழியும் இதற்கு உறவான முறைகள். நாஞ்சில் நாட்டு முறையின் இன்னல்களைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை நகைச்சுவை ததும்பும் மான்மியமாகப் பாடிவைத்தமை தமிழறிந்தார் யாவரும் அறிந்ததே.

யாழ்ப்பாணத்து வழமைகள் ஒல்லாந்தர் ஆட்சியில் 1707ஆம் ஆண்டிலேயே கிளாஸ் ஐசாக்சு என்னும் அதிகாரியால் தொகுக்கப்பட்டுத் தேசவழமை எனப் பெயர்பெற்றன. மட்டக்களப்பு வழமைக்கு அத்தகைய வாய்ப்புக் கிட்டவில்லை. அது முதியோர் நினைவிலும், கல்வெட்டு என்று வழங்கிய ஏட்டுச் செய்யுள்களிலும், கோயிற் பங்கு முறைகளிலும் வாழ்ந்தது. கிறித்தோப்பர் பிரிற்றோ என்பார் அதன் விதிகளை ஆங்கிலத்தில் நூலாக்கி வெளியிட்டது 1876ஆம் ஆண்டிலேயே.

காலத்தின் விளையாட்டு எவ்வாறிருந்தது எனின், அதே 1876ஆம் ஆண்டிலேதான் 15ஆம் இலக்க விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டது. அச்சட்டம் கண்டிச் சிங்களவர்க்கும், முஸ்லிம்களுக்கும், தேசவழமைக்கு உட்பட்ட வட மாகாணத் தமிழர்க்கும் விலக்களித்தது. மட்டக்களப்புத் தமிழர்க்கு விலக்கில்லை. 1877ஆம் ஆண்டு யூன் 29ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி உயில் எழுதாது இறந்தவரின் ஆதனத்தில் பாதி, உயிரோடிருக்கும் கணவனையோ மனைவியையோ சாரும். எஞ்சிய பாதி மக்களுக்கு ஒப்பப் பங்காகும். மருமக்களுக்கு அதில் இடமில்லை. விதிகள் நூலேறிய ஆண்டிலேயே அவ்விதிகளின் ஆட்சியும் முடிவை எதிர்நோக்கி நின்றது. நாஞ்சில் நாட்டிலே நெடுங்காலக் கிளர்ச்சிக்குப் பின்னர் வந்த மாற்றம், மட்டக்களப்பிற்குக் கொழும்பிலிருந்து வந்த ஒரு சட்டத்தால் வந்தெய்தியது.

ஆகவே வாவிக்கரைக் குடும்பத்தின் பழைய வழக்கேட்டைப் படிப்பவர், முதலில் அதன் ஆண்டை நோக்கவேண்டும். அதற்கு முற்பட்ட மரபுரிமைப் பிணக்கிலே மருமகன் வாதியாகத் தோன்றுவது இயற்கை; பிற்பட்டதிலே மகனும் மகளும் விதவையும் தோன்றுவர். இவ்வேறுபாட்டை அறியாதவர், மருமகனை மகனென்று மயங்கியோ, சொத்துப் பறிக்க வந்த அயலானென்று எண்ணியோ தம் குலவரலாற்றைத் தாமே திரித்துவிடுவர்.

சட்டம் மாறினும் வழக்கம் முற்றாக மாறவில்லை. இறந்தபின் மருமக்கட்குச் சேர்ந்த ஆதனம், வாழும்போதே மகளுக்குச் சேரத் தொடங்கிற்று. தாயின் வீடு மகளுக்கு. அவள் வீடு அவள் மகளுக்கு. முன்னர்க் குடிவழியாக இறங்கிய உரிமை இப்போது சீதன உறுதி வழியாக இறங்கிற்று. மட்டக்களப்புத் தமிழரிடையும் முஸ்லிம்களிடையும் நெடுங்காலம் ஆய்வு நடத்திய அமெரிக்க மானிடவியலாளர் தெனிசு மக்கில்வ்றே இவ்வுண்மையை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார்.

சீதன உறுதி ஏட்டிலேறியமைக்கும் ஒரு சட்டமே காரணம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணி பற்றிய கைமாற்றம் யாவும் நொத்தாரிசு முன்னிலையில் சாட்சிகளோடு எழுதப்படல் வேண்டும் என விதித்தது. உறுதியின் ஒரு படி உரியவர் கையிற் செல்லும். ஒன்று நொத்தாரிசின் ஏட்டில் நிற்கும். இன்னொன்று காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படும். ஆதலின் வீட்டுப் பெட்டகத்திலிருந்த உறுதி கறையானுக்கோ வெள்ளத்துக்கோ இரையாயினும், அதன் உடன்பிறப்புகள் இரண்டு வேறிடத்தில் வாழ்தல் கூடும். காணிப் பதிவகத்திலே ஒவ்வொரு காணிக்கும் ஏட்டிலக்கமும் பக்க இலக்கமும் உண்டு. அப்பக்கத்தைத் திறப்பின், அந்த வளவு யாரிடமிருந்து யாருக்கு, எவ்வாண்டில், எவ்வுறுதியால் மாறிற்று என்பது நிரல்பட விளங்கும். வாவிக்கரையிலே அந்நிரல் பெரும்பாலும் தாய், மகள், பேர்த்தி என்று செல்லும் நிரலே. பிற நாடுகளில் குலமுறை தேடுவோர் தந்தை பெயரைத் தேடுவர்; இங்கே தேடுவோர் வளவின் பெயரைத் தேடுதல் நன்று.

இனி நீதிமன்ற ஏடுகளுக்கு வருவோம். ஆங்கிலேயர் 1796ஆம் ஆண்டில் ஒல்லாந்தரிடமிருந்து கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றினர். 1833ஆம் ஆண்டின் நீதிப் பட்டயம் மாவட்ட நீதிமன்றங்களை நிறுவிற்று. குடும்பம் பற்றிய பிணக்குகளுள் பெரும்பாலானவை அன்றுதொட்டு மாவட்ட நீதிமன்றத்தையே சார்ந்தன. குடும்ப நீதிமன்றம் என்னும் தனிப்பெயர் 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தோடு வந்தது. எனினும் அவ்வதிகாரத்தைச் செலுத்துவது இன்றும் மாவட்ட நீதிமன்றமே. மணநீக்கம், பிள்ளையின் பாதுகாவல், மகவேற்பு, இறந்தாரின் ஆதன நிருவாகம் ஆகியவற்றின் ஏடுகளை அங்கேயே தேடவேண்டும். தாபரிப்பு வழக்கு மட்டும் நீதவான் நீதிமன்றத்துக்கு உரியது. 1889ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழிகாட்டியது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது.

குலவரலாறு தேடுவோர்க்கு இவ்வேடுகளுள் மிக்க பயன் தருவன இரண்டு. ஒன்று மரணசாதன வழக்கு. உயில் எழுதியோ எழுதாமலோ ஒருவர் இறப்பின், அவருடைய ஆதனத்தை நிருவகிக்க அதிகாரம் வேண்டி நீதிமன்றத்துக்கு மனுச் செய்வர். அம்மனுவிலே இறந்த நாள், இறந்த இடம், மனைவி மக்கள் பெயர், வயது வராதோரின் வயது, காணிகளின் விவரம், ஆடுமாடு நகை முதலியவற்றின் இடாப்பு ஆகியன அடங்கும். போடியார் ஒருவரின் மரணசாதன ஏட்டைப் படித்தால், அவர் வீட்டையும் வயலையும் எருமைப் பட்டியையும் நேரிற் கண்டாற்போலிருக்கும்.

மற்றொன்று பாகப்பிரிவினை வழக்கு. பலர்க்குப் பொதுவாயுள்ள காணியைப் பங்கிட்டுத் தருமாறு கோரும் வழக்கு இது. 1863ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம், 1951ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம், 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் என இதன் வரலாறு நீளும். பங்கு கேட்பவர் தம் பங்கு எவ்வாறு வந்ததென்று காட்டவேண்டும். அதற்காக முதல் உரிமையாளர் தொடக்கம் இன்றுள்ளார் ஈறாக வமிசவழிப் பட்டியல் ஒன்றை ஏட்டிற் சேர்க்கவேண்டும். எதிராளி அதனை மறுத்து வேறொரு பட்டியலைக் காட்டுவார். இரண்டையும் ஒப்புநோக்கி நீதிபதி உண்மை துணிவார். நான்கு ஐந்து தலைமுறைகளின் பெயர்கள், இவ்வாறு பகைவரின் கண்ணாலேயே சோதிக்கப்பட்டு, ஓரிடத்திற் கிடைக்கின்றன. குடும்பப் பெருமைக்காக வீட்டில் எழுதிவைத்த பட்டியலினும் இது நம்பத்தக்கது. பிணக்கில்லாத குடும்பத்துக்கு நிம்மதி மிகுதி. பிணக்குற்ற குடும்பத்துக்கோ பதிவு மிகுதி.

முஸ்லிம் குடும்பங்களின் ஏடுகள் வேறு வழியிற் செல்வன. 1929ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், அதன் பின் வந்த 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டமும் முஸ்லிம் விவாகத்துக்கும் விவாகரத்துக்கும் தனிப் பதிவும் தனிக் காதி நீதிமன்றமும் வகுத்தன. மஹர், தாபரிப்பு, கைக்கூலி மீட்பு ஆகிய கோரிக்கைகள் காதியார்முன் வருவன. மரபுரிமையோ 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி இறந்தவர் பின்பற்றிய மத்ஹபின் முறையைச் சார்ந்தது. காத்தான்குடி, ஏறாவூர் முதலிய ஊர்களின் குடும்பங்களைத் தேடுவோர் காதியாரின் ஏட்டையும், மாவட்ட நீதிமன்றத்தின் ஆதன ஏட்டையும், காணிப் பதிவகத்தின் சீதன உறுதியையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். ஒன்றில் இல்லாதது மற்றொன்றில் வெளிப்படும்.

ஏட்டைப் பெறும் முறை கடினமானதன்று, பொறுமை வேண்டுவது. முதலில் வழக்கின் இலக்கம், ஏறத்தாழ எவ்வாண்டு, வாதி எதிர்வாதியரின் பெயர் ஆகிய மூன்றையும் திரட்டவேண்டும். இலக்கம் தெரியாதவிடத்துக் காணிப் பதிவகமே கைகொடுக்கும். காணி பற்றிய வழக்குத் தொடுக்கப்பட்ட செய்தியும், முடிவில் வந்த தீர்ப்பாணையும், நிருவாகி எழுதிக்கொடுத்த உறுதியும் பதிவு செய்யப்பட்டிருப்பின், அக்காணியின் பக்கத்தில் வழக்கிலக்கம் காணப்படும். அவ்விலக்கத்தோடு நீதிமன்றப் பதிவாளருக்கு விண்ணப்பம் செய்து, உரிய கட்டணமும் முத்திரையும் செலுத்தி, அத்தாட்சி செய்யப்பட்ட பிரதியைக் கேட்கலாம். நீதிமன்றத்தின் செயல்களைக் கூறும் ஏடு பொது ஆவணம் என்பதும், பார்வையிட உரிமையுடையார்க்குக் கட்டணத்தின்பேரில் அதன் பிரதியை அத்தாட்சியோடு கொடுத்தல் கடமை என்பதும் 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்திலேயே கூறப்பட்டுள்ளன. அலுவலகங்களிலுள்ள பிற பதிவுகளுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் துணை நிற்கின்றது.

தேடுவோரை இடறச் செய்யும் கற்கள் சில உள. பழைய ஏடுகளும் அவற்றின் அகராதிகளும் ஆங்கிலத்தில் உள்ளவை. கந்தையர், கதிர்காமத்தம்பி, காளிக்குட்டி முதலிய பெயர்களை ஓர் எழுதுவினைஞர் ஆங்கில நெடுங்கணக்கின் மூன்றாம் எழுத்தாலும், மற்றொருவர் பதினோராம் எழுத்தாலும் தொடங்கியிருப்பர். இரண்டு இடத்திலும் தேடாதவர், பெயர் இல்லை என்று ஏமாந்து திரும்புவர். ஒரே ஊரில் ஒரே பெயருடையார் பலர் இருப்பர். அங்கே தந்தை பெயரால் மட்டும் தெளிவு பிறவாது. மனைவி பெயரும் அவள் வளவின் பெயரும் சேர்ந்தால் ஐயம் அகலும். இன்னொன்று நிருவாக எல்லை. அம்பாறை மாவட்டம் 1961ஆம் ஆண்டிலே தனியாகப் பிரிக்கப்பட்டது. அதற்கு முன் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று யாவும் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சார்ந்தன. ஆதலின் தென்பகுதிக் குடும்பங்களின் பழைய பதிவை மட்டக்களப்பிலும் தேடிப் பார்த்தல் வேண்டும்.

மேன்முறையீட்டுக்குச் சென்ற வழக்காயின் தேடலுக்கு இன்னொரு வாயில் திறக்கும். மேல்நீதிமன்றத் தீர்ப்புகளுள் சட்ட முக்கியத்துவம் வாய்ந்தவை அச்சேறின. பொன்னம்பலம் இராமநாதன் பழைய தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிட்டார். 1895ஆம் ஆண்டு முதலான தீர்ப்புகள் புதிய சட்ட அறிக்கைகள் என்னும் தொகுதிகளில் வெளிவந்தன. மூல ஏடு செல்லரித்துப் போயினும், வழக்கின் சாரமும் கட்சிக்காரரின் உறவுமுறையும் அத்தொகுதிகளிற் கிடைத்தல் கூடும்.

பிறப்பு, இறப்புப் பதிவுகளைப் பற்றியும் ஒருசொற் கூறவேண்டும். இவற்றின் பதிவு 1867ஆம் ஆண்டில் அரசாங்கத்தால் முறையாகத் தொடங்கப்பெற்றது. அதற்கு முன்னைய காலத்துக்குக் கிறித்தவக் குடும்பங்களாயின் கோயில் ஞானஸ்நான ஏடுகளை நாடலாம். கத்தோலிக்கத் தேவாலயங்களும், 1814ஆம் ஆண்டில் வில்லியம் ஓல்ற் பாதிரியார் வந்திறங்கியதோடு தொடங்கிய மெதடிஸ்த திருச்சபையும் அத்தகைய ஏடுகளைப் பேணின. சைவக் குடும்பங்களுக்குச் சாதக ஓலையும் கோயிற் பங்கேடும் துணை. அரசாங்கப் பதிவு இரு படிகளாக எழுதப்படுவது. ஒரு படி மாவட்டத்தில் நிற்க, மறுபடி பதிவாளர் நாயகத்துக்குச் செல்லும். மாவட்ட ஏடு அழிந்தவிடத்துக் கொழும்பு மாளிகாவத்தையிலுள்ள மத்திய ஆவணக் காப்பறையை நாடலாம் என்பதைப் பலர் அறியார்.

இரு படி எழுதும் இவ்வழக்கம் எத்துணை மேலானது என்பதை அயர்லாந்தின் வரலாறு காட்டும். 1922ஆம் ஆண்டு யூன் 30ஆம் நாள், உள்நாட்டுப் போரின்போது டப்ளின் நகரிலே நீதிமன்றங்களின் அருகிலிருந்த ஆவணக் காப்பகம் தீக்கிரையாயிற்று. ஏழு நூற்றாண்டின் ஏடுகள் சாம்பலாயின. ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின், பிற நாடுகளிலும் பிற நிலையங்களிலும் சிதறிக்கிடந்த படிகளைத் திரட்டி, அழிந்த காப்பகத்தை மீண்டும் எழுப்ப அந்நாட்டு அறிஞர் முற்பட்டனர். மூலம் ஓரிடத்தில் அழியலாம். படி பலவிடத்தில் வாழும்.

வாவிக்கரைக்கு இப்பாடம் மிகவும் வேண்டற்பாலது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி வீட்டுக் கூரைகளையும் கூரைக்குட்பட்ட பெட்டகங்களையும் ஒருங்கே கொண்டுசென்றது. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற நெடும்போரின்போது ஊர் விட்டு ஊர் பெயர்ந்த குடும்பங்கள் பல, உறுதிப் பெட்டியைத் தூக்கிச் செல்ல நேரமின்றி உயிரை மட்டும் காத்துக்கொண்டன. ஆழிப்பேரலை மூன்றாவது அடி. அதன்பின் 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம், உடல் கிடைக்காத இறப்புகளைப் பதிவு செய்யவும் பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பேணவும் சிறப்பு வழிகளை வகுத்தது. போரில் காணாமற்போனோர்க்காக 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இறப்புப் பதிவுக்கு இடமளித்தது. இறந்தார் என்று எழுத மனம் ஒப்பாத மனைவியர்க்கும் தாய்மார்க்கும் அது மருந்தாகவில்லை. 2016ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டு, காணாமற்போனமையை மட்டும் கூறும் சான்றிதழ் ஒன்று வழங்கப்படலாயிற்று. ஒரு சொல்லின் வேறுபாடே இது. எனினும், அச்சொல்லுக்குள் ஒரு குடும்பத்தின் நம்பிக்கை முழுவதும் அடங்கியிருந்தது. பதிவேடு வெறும் கடதாசி அன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

ஏடு கேட்போர் ஓர் எல்லையையும் மதிக்கவேண்டும். மகவேற்பு 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ் நீதிமன்றக் கட்டளையால் நிகழ்வது. பெற்ற தாயையும் வளர்த்த தாயையும் இணைக்கும் குறிப்பு, நீதிமன்றத்தின் அனுமதியின்றி யார்க்கும் காட்டப்படுவதன்று. மணநீக்க ஏட்டிலும் இருவரின் துயரம் எழுதப்பட்டுள்ளது. உரிமையை நிலைநாட்டவும் உறவை அறியவும் ஏட்டை நாடுதல் முறை. ஊர்வாய்க்கு உணவாக நாடுதல் முறையன்று.

அமெரிக்க நாட்டிலே ஒவ்வொரு கவுண்டியிலும் நீதிமன்றத்து எழுத்தர் அறையிற் சென்று, தம் முன்னோரின் உயிலையும் மண ஏட்டையும் தேடிப் படிப்பது குடிமக்களின் பொழுதுபோக்காகவே வளர்ந்துள்ளது. வாவிக்கரையிலோ ஏடு தேடுதல் பெரும்பாலும் இடர் வந்தபின் எழும் தேவையாகவே இருந்துவருகின்றது. இடர் வருமுன்னரே செய்யத்தக்கவை சில உள. வீட்டிலுள்ள உறுதியின் இலக்கம், நாள், நொத்தாரிசின் பெயர், காணிப் பதிவகத்தின் ஏடும் பக்கமும், குடும்பத்தில் நிகழ்ந்த வழக்குகளின் இலக்கம், பிறப்பு இறப்புப் பதிவுகளின் இலக்கம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுக. தாய், தாயின் தாய், அவள் தாய் என்ற வரிசையையும் அவரவர் வளவின் பெயரையும், முதியோர் இருக்கும்போதே கேட்டு அதன்கீழ் எழுதுக. எழுதிய தாளைப் படியெடுத்து, எழுவான்கரையார் படுவான்கரை உறவினரிடத்தும், படுவான்கரையார் எழுவான்கரை உறவினரிடத்தும் கொடுத்துவைக்க. அதற்கு ஆகும் செலவு ஒரு தாளும் ஒரு மாலைப்பொழுதுமே.